வருகைச் சீட்டும் வாராத நூலும்

தோட்டப்புறத் தமிழரைப் பற்றி அயல்நாட்டு அறிஞர் எழுதிய நூல்கள் இன்று அலமாரித் தட்டு ஒன்றை நிரப்பும் அளவுக்கு உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்பெற்றவை. நியூ ஹேவனிலும் தில்லியிலும் ஹொனொலுலுவிலும் பதிப்பிக்கப்பட்டவை. இத்தகைய நூல்களை மதிப்பிடும் திறனாய்வாளர் வழக்கமாக இரண்டு கேள்விகளை எழுப்புவர். ஆசிரியர் காட்டும் சான்று போதுமானதா? அச்சான்றிலிருந்து அவர் கொண்ட முடிபு பொருந்துமா? இவ்விரண்டும் வேண்டற்பாலனவே. ஆயின், நெகிரி செம்பிலான் தோட்டப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. எவருடைய வாய்மொழியைக் கேட்டு நூல் எழுதப்பட்டதோ அவர் கைக்கு அந்நூல் திரும்பி வந்ததா?

இக்கேள்வி ஆசிரியரின் ஒழுக்கம் பற்றியது, நூலின் தகுதியோடு தொடர்பற்றது என்று சிலர் கூறலாம். அங்ஙனம் பிரித்துக் காணுதல் பொருந்தாது என்பது என் கருத்து. தம்மைப் பற்றி எழுதப்பட்டதைப் படித்து, 'இது சரி, இது பிழை' என்று சொல்லும் வாய்ப்பு ஒரு மக்கட் கூட்டத்தாருக்கு இல்லையானால், அவர்களைப் பற்றிய ஆராய்ச்சி மெய்ப்புத் திருத்தாமல் அச்சேறிய பக்கத்தைப் போன்றது. அதில் பிழை இருந்தாலும் காண்பார் இல்லை. இதற்கு எடுத்துக்காட்டு ஒன்றைப் பின்னர்ச் சொல்வேன். அதற்கு முன், அயல்நாட்டு அறிஞர் ஒருவர் இந்நாட்டுக்கு வருங்கால் அவர்மீது சட்டம் சுமத்தும் கடமைகள் எவை என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எவை சுமத்தப்படவில்லை என்பது அப்போதுதான் விளங்கும்.

விசாவும் பாஸும் ஒன்றே என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். விசா என்பது வாயில் வரை வருவதற்கான இசைவு. பாஸ் என்பது உள்ளே நுழைந்து, இன்ன காரியத்திற்காக, இத்தனை நாள் தங்கலாம் என்னும் அனுமதி. 2023 டிசம்பர் முதல் நாளிலிருந்து இந்தியக் குடிமக்கள் முப்பது நாள் வரை விசா இன்றி மலேசியாவுக்கு வரலாம் என்று அரசு அறிவித்தபோது, 'இனித் தமிழ்நாட்டுப் பேராசிரியரை அழைப்பதற்குத் தடை ஏதுமில்லை' என்று மகிழ்ந்த இலக்கிய அன்பர்களை யான் அறிவேன். நீங்கியது வாயிற்கதவின் தாழ் மட்டுமே. சுற்றுலாவுக்கும் உறவினரைக் காண்பதற்கும் தரப்படும் சமூக வருகைப் பாஸில் வந்தவர், ஊதியம் பெற்று வகுப்பு நடத்துதல் ஆகாது. விரிவுரையாளர், ஆராய்ச்சியாளர் ஆகியோர்க்கு என்றே தொழில்முறை வருகைப் பாஸ் என ஒன்று உண்டு. அஃது ஒரு முறைக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாதது. அதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர் அறிஞர் அல்லர், அவரை அழைக்கும் நிறுவனத்தார். அவருக்குப் பொறுப்பேற்று நிற்பவர்களும் அவர்களே. ஆண்டுக்கணக்கில் பணியாற்ற வருபவர்க்கு வேலைப் பாஸ் தனியே உண்டு. பாஸின் நிபந்தனையை மீறினாலும், நாள் கடந்து தங்கினாலும் குடிநுழைவுச் சட்டப்படி தண்டனை உண்டு.

ஆராய்ச்சிக்கென்று வருபவருக்கு இன்னொரு வாயிலும் இருக்கிறது. பிரதமர் துறையின் பொருளாதாரத் திட்டமிடல் பிரிவு 1999-ஆம் ஆண்டின் மூன்றாம் எண் பொதுச் சுற்றறிக்கை வாயிலாக இதற்கு விதி வகுத்தது. அயல்நாட்டார் இங்கு ஆராய்ச்சி செய்வதற்கு முன்னரே அரசின் இசைவைப் பெறல் வேண்டும். உள்நாட்டு நிறுவனம் ஒன்றோடு இணைந்திருத்தல் வேண்டும். முடிவில் ஆய்வறிக்கையை அரசிடம் ஒப்படைத்தல் வேண்டும். நல்ல விதிகளே. ஒரு நாட்டின் காட்டையும் கடலையும் மக்களையும் ஆராய வருபவர் அந்நாட்டிற்குக் கணக்குக் காட்டுவது முறைதான்.

ஆனால் அக்கணக்கு யாரிடம் காட்டப்படுகிறது? அறிஞர் அரசுக்குப் பதில் சொல்கிறார். தம்மை ஏற்ற பல்கலைக்கழகத்துக்குப் பதில் சொல்கிறார். பொருளுதவி அளித்த நிறுவனத்துக்குப் பதில் சொல்கிறார். லயத்து வாசலில் கட்டில் போட்டு அமர்த்தி, காப்பி கலந்து கொடுத்து, தம் குடும்பத்துக் கதை முழுவதையும் சொன்ன பால்வெட்டுத் தொழிலாளிக்கு அவர் பதில் சொல்ல வேண்டும் என்பதற்கு யான் அறிந்தவரை விதி இல்லை. விதி இல்லாதபோது அறிஞர்கள் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதே நம் ஆராய்ச்சிக்கு உரிய பொருள்.

பழைய செய்தி ஒன்றிலிருந்து தொடங்கலாம். 1936-ஆம் ஆண்டின் இறுதியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்தார். அப்போது அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். இந்தியத் தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்து வருமாறு இந்திய அரசு அவரை அனுப்பியது. சில வாரங்கள் சுற்றிப் பார்த்து, 1937-இல் அறிக்கை அளித்தார். பொருளாதார மந்தத்தின்போது குறைக்கப்பட்ட நாட்கூலியை ஆணுக்கு ஐம்பது காசு, பெண்ணுக்கு நாற்பது காசு என்னும் பழைய அளவுக்கு உயர்த்துமாறு பரிந்துரைத்தார். எனினும், தொழிலாளர் இங்கு வருவதை நிறுத்த வேண்டிய அளவுக்கு நிலைமை தாழ்ந்துவிடவில்லை என்பது அவர் முடிபாக இருந்தது. 1936-இல் தோன்றிய மலாயா மத்திய இந்தியர் சங்கத்தார் இதில் மனநிறைவு கொள்ளவில்லை. அடுத்த ஆண்டே, 1938-இல், உதவி பெற்றுக் குடியேறும் தொழிலாளரை அனுப்புவதை இந்திய அரசு தடுத்துவிட்டது.

சாஸ்திரியார் வலங்கைமானில் பிறந்தவர். தொழிலாளர் பேசிய தமிழ் அவருக்குத் தாய்மொழி. பல ஆண்டு முயன்று தமிழ் கற்றுக்கொண்டு வரும் மேலைநாட்டு ஆராய்ச்சியாளருக்கு இல்லாத வாய்ப்பு அவருக்கு இருந்தது. அவர் அறிக்கையோ அரசுக்கு அரசு எழுதும் ஆங்கிலத்தில் அமைந்தது. எந்தத் தொழிலாளியின் கூலியைப் பற்றி அது பேசிற்றோ அவன் அதைப் பத்திரிகைச் சுருக்கமாகவோ, கிராணி சொல்லக் கேட்டோதான் அறிந்திருக்க முடியும். மொழி தெரிந்திருந்தால் மட்டும் போதாது. எவருக்கு எழுதுகிறோம் என்பதே நூலின் போக்கை முடிவு செய்கிறது என்பதற்கு இதனை முதற் சான்றாகக் கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறான சான்றுகளும் உண்டு. அவற்றை மறைத்துவிட்டு வழக்காடுவது நேர்மையாகாது. 1952-இல் கு. அழகிரிசாமி தமிழ் நேசனில் பணியாற்றத் தமிழ்நாட்டிலிருந்து வந்தார். 1957 வரை இங்கிருந்தார். அவர் பல்கலைக்கழக அறிஞர் அல்லர், பத்திரிகைப் பணியாளர். ஆனால் இந்நாட்டு இளம் எழுத்தாளரைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தி, அவர்கள் எழுதியதை அவர்கள் முன்னிலையிலேயே திறனாய்ந்தார். அவர் தந்தது உடனே இங்கேயே பயன்பட்டது. வருகைதரு அறிஞர் என்னும் பட்டம் இன்றியே அப்பெயருக்குரிய கடமையைச் செய்தவர் அவர்.

பல்கலைக்கழகத்தைப் பார்ப்போம். அந்நாளில் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் இந்தியவியல் துறை தொடங்கப்பெற்றது. அதில் தமிழுக்கு இடமா, வடமொழிக்கு முதன்மையா என்று எழுந்த வழக்கும், கோ. சாரங்கபாணியார் தமிழ் முரசின் வாயிலாகத் தமிழ் எங்கள் உயிர் என்று நிதி திரட்டியதும் ஆசிரியர் பலரும் அறிந்தவை. காசு கொடுத்தவர்களுள் தோட்டத் தொழிலாளரும் இருந்தனர் என்பதை என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1959-இல் அத்துறை கோலாலம்பூருக்கு வந்தது. 1961-இல் இலங்கையிலிருந்து தனிநாயக அடிகளார் அதன் பேராசிரியராய் வந்து சேர்ந்தார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை அவர் கோலாலம்பூரில் கூட்டினார். பல நாட்டு அறிஞர் வந்தனர், சில நாள் தங்கினர், கட்டுரை படித்தனர், திரும்பினர். கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தன. தோட்டத்துப் பால்வெட்டுக்காரர்க்கு அக்கட்டுரைகளால் நேரே பயன் ஒன்றும் இல்லைதான். எனினும் அடிகளாரை இக்குறைக்கு ஆளாக்குதல் பிழை. அவர் மாணவர்களை உருவாக்கினார். அம்மாணவர் ஆசிரியராகித் தோட்டப் பள்ளிகளுக்கு வந்தனர். மேலும், இம்மண்ணில் அச்சான தமிழ் நூல்களையும் இதழ்களையும் பட்டியலிட்டு இராம சுப்பையா தொகுத்த 'தமிழ் மலேசியானா' 1969-இல் மலாயாப் பல்கலைக்கழக நூலக வெளியீடாக வந்தது. வெறும் பெயர்ப் பட்டியல்தானே என்று தள்ளுவார் தள்ளுக. ஆராய்ச்சி செய்யப் புகும் தமிழாசிரியர்க்கு நூறு சொற்பொழிவுகளினும் அது மேலான உதவி.

இனித் தோட்டத்தையே பொருளாகக் கொண்ட நூல்களுக்கு வருவோம். இவற்றுள் முதன்மையாகக் கருதத் தக்கது இரவீந்திர கே. ஜெயின் எழுதி 1970-இல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பாக வந்த 'மலாயாவின் தோட்ட எல்லையில் தென்னிந்தியர்' என்னும் பொருள்படும் ஆங்கில நூல். 1960-களின் முற்பகுதியில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளராய் இங்கு வந்து, தோட்டத்திலேயே தங்கி, கண்டும் கேட்டும் எழுதிய நூல் அது. அதன் சிறப்பு யாதெனில், தோட்டத்தை வெறும் தொழிலிடமாக அவர் பார்க்கவில்லை. துரையின் பங்களா, கிராணிமார் வீடு, தொழிலாளர் லயம் என்று மேலிருந்து கீழாக அடுக்கி வைக்கப்பட்ட இருப்பிடமே அதிகாரத்தின் படம் என்பதை அவர் தெளிவாகக் கண்டார். வேலை, உறைவிடம், கடை, கோயில், பள்ளி யாவும் ஒரே வேலிக்குள் ஒரே ஆட்சியின் கீழ் இருந்ததால், தொழிலாளியின் நாள் முழுவதும் முதலாளியின் கண்காணிப்பில் கழிந்தது. விடியற்காலை பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து நின்றவர்கள் வீட்டில் பிறந்த எமக்கு இது புதிய செய்தியன்று. ஆனால் நாம் பட்டு அறிந்ததை அவர் ஒழுங்குபடுத்திச் சொன்னார். அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

குறை எங்கே உள்ளது? அந்நூலில் வரும் தோட்டத்தின் பெயர் 'பால் மெலாயு'. மலேசியாவின் வரைபடத்தில் அப்பெயரைத் தேடிப் பயனில்லை; அது புனைபெயர். அப்பெயரின் தொடக்கத்தில் நம் 'பால்' என்னும் சொல் ஒலிப்பதைப் படிப்பவர் உணரலாம். சமூகவியலார் ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் மறைத்து எழுதுவது அத்துறையின் மரபு. அதற்குத் தக்க காரணமும் உண்டு. துரையைப் பற்றியும் சங்கத் தலைவரைப் பற்றியும் தொழிலாளி மனம் திறந்து சொன்னது அவன் பெயரோடு அச்சேறினால், மறுநாளே அவன் மூட்டை கட்ட நேர்ந்திருக்கும். வேலை போனால் வீடும் போகும் என்பதே தோட்டத்து நியதி. ஆதலின் 1970-இல் அப்பெயரை மறைத்தது அறமே.

அன்று அறமாயிருந்தது அரை நூற்றாண்டு கழிந்தபின் வேறாகிவிட்டது. சிலியாவ், ரந்தாவ், லாபு, பகாவ், கெமிஞ்சே என்று எம் மாநிலத்துத் தோட்டப் பகுதிகளை இன்று சுற்றிப் பாருங்கள். பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. செம்பனையும் போன இடத்தில் வீடமைப்புத் திட்டம் நிற்கிறது. அன்றைய துரை இல்லை. கங்காணியின் பேரனும் லயத்தில் இல்லை. எவரிடமிருந்து எவரைக் காப்பதற்காகப் பெயர் மறைக்கப்பட்டதோ அவ்விருவரும் போய்விட்டனர். மறைப்பு மட்டும் எஞ்சியிருக்கிறது. தன் பாட்டனார் உழைத்த தோட்டத்தின் கதையைத் தேடும் இளைஞன், 'பால் மெலாயு' என் தோட்டமா, அடுத்த தோட்டமா, வேறு மாநிலத்துத் தோட்டமா என்று அறிய வழியின்றி நிற்கிறான். தோட்டம் அழிந்தபின் அதன் வரலாற்றைக் காக்க வேண்டிய நூல், அவ்வரலாற்றுக்கு உரியவர் எவர் என்பதையே சொல்லவில்லை.

இதற்குத் தீர்வு கடினமானதன்று. புனைபெயர்களுக்கும் உண்மைப் பெயர்களுக்குமான அட்டவணையை முத்திரையிட்ட உறையில் வைத்து, தம்மை ஏற்ற பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் அறிஞர் ஒப்படைக்கலாம். நாற்பது, ஐம்பது ஆண்டு கழித்துத் திறக்கலாம் என்று நிபந்தனையும் இடலாம். அரசாங்கங்கள் தம் கமுக்கமான கோப்புகளையே இவ்வாறு காலம் குறித்துத் திறந்துவிடுகின்றன. தோட்டத் தொழிலாளியின் பெயர் அவற்றினும் கமுக்கமானதா?

பின்னர் வந்த நூல்களில் மனப்போக்கு சற்றே மாறியிருப்பதைக் காணலாம். 1978-இல் தில்லியில் வெளிவந்த தோட்டப்புற ஆய்வு ஒன்றில் பால் வீப் என்பவரோடு எஸ். மாரியப்பன் என்னும் தமிழ்ப் பெயரும் தலைப்பேட்டில் ஆசிரியர் பெயராகவே அச்சாகியுள்ளது. முன்னுரையின் இறுதி வரியில் நன்றி கூறி முடித்துவிடாமல், உடனுழைத்தவரை உடனாசிரியராகக் கொள்வது நேரிய முறை. 2014-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகப் பதிப்பாக வந்த ஆண்ட்ரூ வில்ஃபோர்டின் நூல், தோட்டங்கள் விற்கப்பட்டு மக்கள் வெளியேற்றப்பட்ட காலத்தில், இடிக்கப்பட்ட கோயிலையும் இழப்பீட்டு வழக்கையும் பற்றிப் பேசுகிறது. அதன் நடை கடினம். மேலைநாட்டு உளப்பகுப்புக் கோட்பாட்டைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குள் கொண்டுவந்து நிறுத்தும் இடங்களில் எமக்கு மூச்சு முட்டுகிறது. ஆயினும் தோட்டத்து மக்களின் வருத்தத்தை அவர் மெய்யாகவே கேட்டிருக்கிறார் என்பதில் ஐயமில்லை. இவற்றுள் ஒன்றன் தமிழாக்கத்தையேனும் எம் மாநிலத்து எந்தத் தோட்டப் பள்ளி நூலகத்திலும் யான் கண்டதில்லை. தமிழ்நாட்டிலிருந்து விருந்தினராய் வந்து சென்ற அகிலன் எழுதிய 'பால் மரக்காட்டினிலே' என்னும் நாவலோ, அட்டை கிழிந்து, தாள் மடிந்து, பல கை பட்டதற்கு அடையாளமாய் நூலகத்தில் இருக்கக் கண்டிருக்கிறேன். அதன் குறைகளை எம் தோட்டத்தார் விரிவாகவே பேசுவர். பால் வெட்டும் முறையில் ஆசிரியர் இங்கே தவறினார், அங்கே தவறினார் என்று என் மாமனார் ஒரு மாலை முழுவதும் பேசியதுண்டு. படித்ததனால் அன்றோ குறை சொல்ல முடிந்தது!

முதலிற் குறித்த எடுத்துக்காட்டை இனிச் சொல்கிறேன். 1980-களின் தொடக்கத்தில் யான் ரந்தாவுக்கு அருகில் ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியனாயிருந்தேன். மேலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து இளைஞர் ஒருவர் வந்தார். காலியாய்க் கிடந்த கிராணி வீட்டில் அவருக்கு இடம் கொடுத்தனர். நற்பண்பினர், கையால் சோறு உண்டார், தீமிதிக்குக் காப்புக் கட்டியவரோடு நடந்தார். தமிழ் ஓரளவு கற்று வந்திருந்தாலும், ஏட்டுத் தமிழ் லயத்தில் செல்லாது என்று வந்த மறுநாளே அறிந்துகொண்டார். மாலை வேளைகளில் யான் அவருக்கு மொழிபெயர்ப்பாளன் ஆனேன். முதல் மாதத்தில் வீடு வீடாய்ச் சென்று, அச்சடித்த வினாத்தாளில் குடும்பக் கணக்கு எடுத்தார். ஒன்பதாம் மாதத்தில் ஒலிப்பதிவுக் கருவியோடு முதியோரை நாடினார். தாலாட்டு, ஒப்பாரி, பழங்கதை எல்லாம் பதிந்தார். எல்லோரினும் மிகுதியாய்ப் பேசியவர், ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி. 1943-இல் சப்பானியர் அவர் கணவரைச் சயாம் இரயில் பாதை போடப் பிடித்துச் சென்றனர். லாரி ஏறுமுன் அவர் தம் தலைப்பாகையைக் கழற்றிப் பிள்ளையைப் போர்த்திவிட்டுப் போனதைப் பாட்டி சொன்னார். பின்னர் அவரை நினைந்து தாமே கட்டிய ஒப்பாரியைப் பாடினார். கருவி சுழலும் ஒலியைத் தவிர அங்கு வேறு ஒலி இல்லை.

ஒரு படி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு அவர் புறப்பட்டார். பாஸ் முடியும் நாள் நெருங்கிவிட்டதால் அவசரமாகவே புறப்பட்டார். அவர் பொய் சொன்னார் என்று யான் கருதவில்லை. ஊர் திரும்பிய ஆராய்ச்சியாளருக்கு ஆய்வேடு, வேலை, குடும்பம் என்று ஆயிரம் சுமை.

பல்லாண்டு கழித்து அவ்வாய்வேட்டை நூலகம் ஒன்றில் நுண்படச் சுருளில் கண்டேன். தோட்டத்துக்குப் புனைபெயர், பாட்டிக்கு ஓர் எண். பக்கங்களைத் தள்ளிக்கொண்டே வந்தபோது குடும்ப நிலையைக் காட்டும் அட்டவணை ஒன்று வந்தது. அதில் அவ்வெண்ணுக்கு எதிரே, 'கணவனால் கைவிடப்பட்டவள்' என்று இருந்தது.

பிழை நேர்ந்தது எவ்வாறு என்பது எனக்கு விளங்கிவிட்டது. முதல் மாதக் கணக்கெடுப்பின்போது, கணவர் எங்கே என்ற கேள்விக்குப் பாட்டி, 'போனவர் போனவர்தான்' என்று மட்டும் விடை சொல்லியிருப்பார். அந்த நான் அங்கே இல்லை, பள்ளியில் இருந்தேன். அயலார் முகம் பார்த்து எவள்தான் முதல் நாளே சயாம் கதையைச் சொல்வாள்? ஒன்பதாம் மாதம் உண்மை முழுவதும் ஒலிநாடாவில் பதிவாகியும், முதல் மாதத்து அட்டவணை திருத்தப்படவில்லை. கைவிடப்பட்ட மனைவியர் இத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டு, தோட்டத்துக் குடும்ப வாழ்வின் தளர்ச்சியைப் பற்றி ஒரு பத்தியும் எழுதப்பட்டிருந்தது. அந்த ஏட்டின் ஒரு படி தோட்டத்துக்கு வந்திருந்தால், பாட்டிக்கு எழுத்துத் தெரியாவிடினும், யான் படித்துச் சொல்லியிருப்பேன், அவர் திருத்தியிருப்பார். இதனாலேயே, நூல் திரும்பி வருதல் என்பது நன்றிக்கடன் மட்டும் அன்று, ஆராய்ச்சி முறையின் ஒரு பகுதி என்கிறேன்.

இதில் என் குற்றமும் உண்டு. படி அனுப்புங்கள் என்று யான் கடிதம் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. துரைக்கு முன் நிற்பதுபோல் அவர் முன்னும் நின்றுவிட்டேன். தோட்டப் பள்ளி ஆசிரியர் பலர் இத்தகைய ஆராய்ச்சிகளுக்கு மொழிபெயர்ப்பாளராய், வழிகாட்டியாய், சில வேளை சமையற்காரராயும் இருந்திருக்கின்றனர். அவருள் எத்தனை பேர் ஒரு தாளில் ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம்?

பாஸைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றையும் சொல்லாமல் விட இயலவில்லை. ஜெயினைப் போன்றோர் தோட்டத்தில் தங்கி எழுதிய அதே பத்தாண்டில்தான், 1968-இல், வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை பெறாதோர் வேலை செய்வதற்குப் பெர்மிட் எடுத்தாக வேண்டும் என்றாயிற்று. இம்மண்ணில் பிறந்தும் பத்திரம் இன்மையாலோ, விண்ணப்பிக்கத் தெரியாமையாலோ சிவப்பு அடையாளக் கார்டோடு இருந்த தோட்டத் தமிழர் பல்லாயிரவர் திகைத்தனர். ஏறத்தாழ அறுபதினாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினர் என்பர். விருந்தினராய் வந்த அறிஞருக்குப் பாஸ் இருந்தது. விருந்தளித்தவருக்கோ இருந்த வீட்டில் இருக்கவும் செய்த வேலையைச் செய்யவும் சீட்டு இல்லை. அங்ஙனம் கப்பலேறியவருள் ஆராய்ச்சி நூல்களில் எண்ணாக நிற்பவர் எத்தனை பேரோ! அவர்தம் மக்களுக்கு, தம் பெற்றோர் மலாயாவில் வாழ்ந்ததைக் காட்டும் ஒரே எழுத்து அந்நூலின் அட்டவணையாக இருத்தலும் கூடும். அதுவும் புனைபெயருக்குள் புதைந்து கிடக்கிறது.

அயல்நாடுகளில் அறிஞர்மீது விதிக்கப்படும் கடமைகள் இங்குள்ளவற்றினும் கடுமையானவை. அமெரிக்கா ஜே-1 என்னும் விசாவில் வரும் அறிஞர் முகவரி மாறினால் பத்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். மருத்துவக் காப்புறுதி வைத்திருக்க வேண்டும். அரசுப் பொருளுதவி பெற்றவர் முதலிய சிலர், கற்றுக்கொண்டு தம் தாய்நாடு திரும்பி இரண்டு ஆண்டு அங்கே இருந்தாக வேண்டும். இந்த இரண்டாண்டு விதியின் கருத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். பெற்ற அறிவு அறிஞரின் சொந்த நாட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு சட்டம் வலியுறுத்த முடியுமானால், எடுத்த இடத்துக்கே ஒரு பகுதி திரும்ப வேண்டும் என்று மற்றொரு சட்டம் ஏன் சொல்லக்கூடாது? அரசுக்கு அளிக்கும் முடிவறிக்கையோடு, ஆராயப்பட்ட மக்கள் பேசும் மொழியில் இருபது பக்கச் சுருக்கம் ஒன்றும், பதிவு செய்த ஒலிநாடாக்களின் படியும் உள்நாட்டு நூலகத்தில் சேர்ந்தாலன்றி ஆய்வு முடிந்ததாகக் கொள்ளப்படாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அதனை நிறைவேற்றும் பொறுப்பு, பாஸுக்குக் கையெழுத்திட்ட பல்கலைக்கழகத்தினுடையது. நாள் கடந்து தங்கினால் ஓடி வந்து கேட்கும் பொறுப்பாளர், படி தராமல் போனாலும் கேட்கட்டுமே.

இப்படியெல்லாம் சுமை ஏற்றினால் அறிஞர் வரமாட்டார் என்று ஒரு பேராசிரியர் என்னிடம் வருந்தினார். அவர் அச்சம் முற்றும் பொய்யன்று. விதியின் பெயரால் ஆராய்ச்சியைத் தடுத்து நிறுத்தவும், கசப்பான முடிபுகளை மறைக்கவும் அதிகாரிகள் முனைந்த நாடுகள் உண்டு. ஆதலின் இவ்விதி அரசுக்கு நூலைத் தணிக்கை செய்யும் உரிமை தருவதாய் இருத்தல் கூடாது. யான் வேண்டுவது படி, தணிக்கையன்று. ஒப்புக்கொள்ள வேண்டிய மற்றொன்றும் உண்டு. உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பட்டத்துக்காகத் தோட்டத்தை ஆராய்ந்த நம் மாணவர் எத்தனை பேர் தம் ஏட்டின் படியைத் தோட்டத்துப் பள்ளிக்குக் கொடுத்தனர்? விசா வேண்டாதவரும் இக்கடனில் அயல்நாட்டாரைவிட மேம்பட்டவர் அல்லர்.

இன்று அயல்நாட்டு அறிஞர், 1998-இல் சிப்பாங்கில் திறக்கப்பட்ட விமான நிலையத்தில் இறங்கி, செம்பனைக் காட்டினூடே அரைமணி நேரத்தில் எம் மாநிலத்து நீலாய்க்கு வந்துவிடுகின்றனர். பால்மரமும் செம்பனையும் சூழ்ந்திருந்த அந்நிலப்பகுதியில் இப்போது பல்கலைக்கழகங்கள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றில் அலுவலராய் இருக்கிறாள் பாட்டியின் பேத்தி ஒருத்தி. வருகைதரு பேராசிரியர்களின் பாஸ் விண்ணப்பங்களைச் சரிபார்த்து அனுப்புவது அவள் வேலை. இரண்டு ஆண்டுக்கு முன் அவள் என்னைத் தேடி வந்தாள். பாட்டியின் குரல் பதிவான ஒலிநாடா எங்கேனும் கிடைக்குமா என்று கேட்டாள். இருவரும் சேர்ந்து அந்த மேலைநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினோம். விடை வந்தது, மிகப் பண்பான விடை. நாடாக்கள் பதினான்கும் நல்ல நிலையில் அவர்கள் காப்பகத்தில் உள்ளனவாம். பேசியவரின் தனியுரிமையைக் காக்க வேண்டியிருப்பதால், அவர் தம் கைப்பட எழுதிய இசைவுக் கடிதம் இன்றிப் படி தர இயலாதாம். பாட்டி 1991-இல் இறந்தார். கைந்நாட்டு வைப்பதன்றி அவருக்கு எழுதத் தெரியாது.